களைப்பா, நித்திரை மயக்கமா? – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன்; வயது 41. கொழும்புக் கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு வருடங்களாகப் பகல் முழுவதும் களைப்பாக இருக்கிறது. காலை 4.30க்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகள் இருவரையும் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு ரயிலேறுவேன். இரவு படுக்க 11.30 ஆகிவிடும். அலுவலகத்தில் பதினொரு மணிக்கே கண் செருகுகிறது. சென்ற மாதம் ஒரு தொகையைப் பிழையாகப் பதிந்து, எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கினேன். ஏப்ரல் விடுமுறையில் எட்டு ஒன்பது மணித்தியாலம் நித்திரை கொண்டும் பெரிய மாற்றமில்லை. டொக்டர் ஒருவரிடம் காட்டினேன். பிரஷரும் சுகரும் சரி, மன அழுத்தமாக இருக்கும், விற்றமின் எடுங்கள் என்றார். நானாகவே இரும்புச்சத்து டொனிக் வாங்கிக் குடிக்கிறேன். சாப்பாட்டோடு ஒரு பிளேன் டீ குடித்தால்தான் கொஞ்சம் தெம்பு வரும். தூசு ஒவ்வாமைக்கு இரவில் பிரிட்டன் (Piriton) குளிசை போடுவது வழக்கம். (மாதவிலக்கு இப்போது ஒன்பது நாள் வரை நீள்கிறது. அதை டொக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.) நான் குறட்டை விடுவதாகக் கணவர் சொல்வார், அது அவருடைய பகிடி. மாமி என்னைச் சோம்பேறி என்கிறார். சில நாள்களில் அது உண்மைதானோ என்று எனக்கே தோன்றுகிறது. நீங்களும் நெடுநாள் களைப்போடு இருந்ததாக முன்பு எழுதியிருந்ததால் உங்களிடம் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை மூன்று தடவைகள் வாசித்தேன். நான் வைத்தியர் அல்லள். ஒருவர் எழுதியதை ஊன்றி வாசிப்பது மட்டுமே எனக்குப் பழகிய வேலை. அப்படி வாசித்தபோது, நீங்கள் முதன்மையாகச் சொன்னவற்றைவிட, அடைப்புக்குறிக்குள் ஒதுக்கியதும், வழக்கம் என்று கடந்துபோனதும், பகிடி என்று தள்ளியதுமான மூன்று செய்திகளே என்னை நிறுத்தின. அவற்றுக்கு வருமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோம்பேறியான ஒருவர் இரண்டு வருடங்களாக நாள் தவறாமல் அதிகாலை 4.30க்கு எழும்பி வீட்டாருக்கெல்லாம் சமைத்துவைக்க மாட்டார். சோம்பல் உள்ளவருக்கு வேலையில் மனம் செல்லாது. உங்களுக்கு மனம் செல்கிறது, உடம்பு இடம்கொடுக்கவில்லை. இந்த வேறுபாட்டை மாமி ஏற்காவிட்டாலும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடிதம் முழுவதும் ‘களைப்பு’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. படியேறும்போது கால் கனப்பதும், மூச்சு வாங்குவதும், தொடங்கிய வேலையை முடிக்கப் பலமில்லாமற் போவதும் களைப்பு. அந்நிலையில் உள்ளவரைப் பகலில் படுக்கவைத்தாலும் நித்திரை வராமலிருக்கலாம். கண் செருகுவதும், வாசித்த வரியையே திரும்ப வாசிப்பதும், ரயிலில் நின்றபடியே தலை சாய்வதும் நித்திரை மயக்கம். முன்னையதற்குப் பெரும்பாலும் குருதியிலும் தைரொயிட்டிலும் மனநிலையிலும் அண்மையில் வந்துபோன காய்ச்சலிலும் காரணம் தேடுவார்கள்; பின்னையதற்கு இரவு நித்திரையின் அளவையும் தரத்தையும், எடுக்கும் மருந்துகளையும் பார்ப்பார்கள். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு, உங்களிடம் அப்படித்தான் இருக்குமென்று எனக்குத் தோன்றுகிறது. கொழும்பில் நம்மில் பலர் வைத்தியரிடம் சிங்களத்தில் பேசவேண்டியிருப்பதால், அவசரத்தில் ‘மஹன்சி’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். நித்திரை மயக்கத்துக்கு அம்மொழியில் ‘நிதிமத’ என்ற தனிச்சொல் இருக்கிறது. எந்தச் சொல்லைச் சொல்கிறீர்களோ அதற்கேற்பவே அவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

எது மிகுதி என்பதை நீங்களே ஓரளவு அளந்து பார்க்கலாம். 1991ஆம் ஆண்டில் மெல்பேர்ணைச் சேர்ந்த மரே ஜோன்ஸ் என்ற வைத்தியர் எட்டுக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். எப்வேர்த் அளவுகோல் என்று அதைச் சொல்வார்கள். இருந்து வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொது இடமொன்றில் சும்மா அமர்ந்திருக்கும்போது, ஒரு மணித்தியாலம் வாகனத்தில் பயணியாகச் செல்லும்போது, பின்னேரம் படுத்திருக்கும்போது, ஒருவருடன் இருந்து கதைக்கும்போது, மதிய உணவுக்குப் பின் அமைதியாக இருக்கும்போது, நெரிசலில் வாகனம் சில நிமிடங்கள் நிற்கும்போது என எட்டுச் சந்தர்ப்பங்களிலும் கண்ணயர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை புள்ளி இடவேண்டும். மொத்தம் 24 புள்ளிகளில் 10ஐத் தாண்டினால் அது சாதாரண அயர்வு அன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் மந்தம் உடம்பின் நாட்சுழற்சியால் எல்லோருக்கும் வருவது. பதினொரு மணிக்கே கண் செருகுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

முதலில் எளிய கணக்கைப் பார்ப்போம். 11.30க்குப் படுத்து 4.30க்கு எழும்பினால் ஐந்து மணித்தியாலம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணித்தியால நித்திரை வேண்டும் என்பது வைத்தியத்துறையில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. வேலை நாள்கள் ஐந்திலும் இரண்டிரண்டு மணித்தியாலம் குறைந்தால் கிழமைக்குப் பத்து மணித்தியாலம் கடன் ஏறுகிறது. சனிக்கிழமை காலை நேரம் கடந்து எழும்புவதால் அது தீராது. எந்தப் பரிசோதனைக்கும் முன்னர் இந்த ஐந்து மணித்தியாலத்தைக் கூட்டியாகவேண்டும், அதற்கு நீங்கள் மட்டும் முயன்றால் போதாது. பாடசாலைக்குப் போகும் வயதிலுள்ள பிள்ளைக்குத் தேங்காய் துருவத் தெரியவேண்டும். கணவருக்கு இரவே மரக்கறி வெட்டிவைக்க முடியும். இரண்டு நாள் காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டால் எவருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஒரு வீட்டின் காலைப்பொழுது முழுவதும் ஒரே பெண்ணின் நித்திரையிலிருந்து எடுக்கப்படுவதை நம் சமூகம் பொறுப்பு என்றும் குடும்பப் பாங்கு என்றும் புகழ்ந்து வந்திருக்கிறது. அந்தப் புகழ்ச்சியை நான் வெறுக்கிறேன். இருந்தாலும், விடுமுறையில் ஒன்பது மணித்தியாலம் நித்திரை கொண்டும் மாறவில்லை என்கிறீர்கள். ஒரு சில நாள்களில் பழைய கடன் தீராதுதான். ஆனால் இரண்டு கிழமை ஒழுங்காக நித்திரை கொண்டபின்னும் இப்படியே இருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இனி அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட செய்தி. ஒன்பது நாள் நீளும் மாதவிலக்கு கூச்சத்துக்குரிய விடயம் அன்று. உங்கள் கடிதத்தில் உள்ள மிக முக்கியமான மருத்துவத் தகவல் அதுவே. ஏழு நாளுக்கு மேல் நீள்வதும், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை துவாய் மாற்றவேண்டி வருவதும், கட்டி கட்டியாகப் படுவதும் மிகைக் குருதிப்போக்கின் அடையாளங்கள். அவ்வளவு குருதியோடு இரும்பும் போய்விடுகிறது. டெங்கு காலத்தில் கொழும்பில் எப்.பி.சி. என்ற முழுக் குருதிக் கலப் பரிசோதனை எடுக்காத வீடே இல்லை எனலாம். அந்தத் தாளில் நாம் எல்லோரும் பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடுகிறோம். அதே தாளில்தான் ஈமோகுளோபினும் செங்குருதிக் கலங்களின் பருமனைச் சொல்லும் எம்.சி.வி.யும் இருக்கின்றன. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12க்குக் கீழே போனால் அது குருதிச்சோகை. 12க்கு மேல் இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது பெரிற்றின் என்ற வேறு பரிசோதனை. வளர்ந்தவர்களில் அது 15க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை; களைப்பும் சேர்ந்திருந்தால் 30க்குக் கீழேயே கவனிக்கும் வைத்தியர்கள் பலர். பிரஷரும் சுகரும் மட்டும் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று சொன்னால், இந்த வழி இன்னும் திறக்கப்படவேயில்லை என்றுதான் பொருள்.

டொனிக்கை நம்பியிருக்க வேண்டாம். பல டொனிக்குகளில் இரும்பின் அளவு சிகிச்சைக்குப் போதாது; அதோடு, சாப்பாட்டுடன் குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடியது. தேநீரைக் கைவிடும்படி நான் சொல்லமாட்டேன். சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலமேனும் தள்ளிக் குடியுங்கள், முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழியுங்கள். அந்தப் புளி இரும்பை உள்வாங்க உதவுகிறது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இலங்கையில் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் கூறைப் பிறப்பிலிருந்தே காவுபவர்கள் பலர் உள்ளனர், அவர்களுக்கும் எம்.சி.வி. குறைவாகவே காட்டும், இரும்புக் குளிசையால் அது மாறாது. ஆகவே பெரிற்றின் பார்த்து, வைத்தியர் அளவு சொன்னபின் குளிசையைத் தொடங்குவதே முறை. தொடங்கினால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஈமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதங்கள் தொடரவேண்டும். பலர் இடையில் தெம்பு வந்ததும் நிறுத்திவிட்டு, மறுவருடம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள். மாதவிலக்கு ஏன் நீள்கிறது என்பதையும் கண்டறியவேண்டும். கருப்பைக் கட்டி போன்ற காரணம் இருந்து, அதைக் கவனிக்காமல் இரும்பு மட்டும் எடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

அடுத்து, வழக்கம் என்று கடந்துபோன பிரிட்டன். அதிலுள்ள குளோர்பெனிரமின் மூளைக்குள் புகுந்து மயக்கம் தருவது. பெரியவர்களின் உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணித்தியாலம் பிடிக்கும். இரவு பத்து மணிக்குப் போட்ட குளிசை மறுநாள் பதினொரு மணிக்கு அலுவலகக் கதிரையில் உங்களோடு இருக்கிறது. மறுநாள் இரவு அதன் மேல் இன்னொன்று விழுகிறது. இந்த நாட்டில் தடிமனுக்கும் தும்மலுக்கும் அதை மிட்டாய்போல எடுத்துப் பழகிவிட்டதால் அதை ஒரு மருந்தாகவே நாம் எண்ணுவதில்லை. மயக்கம் குறைந்த லொராற்றடின் போன்றவையும் மூக்குக்குள் அடிக்கும் மருந்துகளும் உள்ளன. உங்களுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். பிரஷருக்கோ மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ எடுக்கும் மருந்தை மட்டும் எவரும் தாமாக நிறுத்தக்கூடாது.

மூன்றாவது, கணவரின் பகிடி. என் 53ஆவது வயதில், வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீட்டு மேடையில், நண்பர் ஒருவர் பல வருடம் உழைத்து எழுதிய நூலைப் பற்றிப் பேசக் காத்திருந்தபோதே நான் கண்ணயர்ந்துவிட்டேன். அவருடைய முகத்தில் அன்று கண்ட வருத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கு முன்னர் நான் பார்த்த வைத்தியர் ‘இந்த வயதில் இப்படித்தான்’ என்று அனுப்பியிருந்தார். பிறகு மட்டக்களப்பிலிருந்து வந்து என் அறையில் படுத்த தங்கை, நள்ளிரவில் என்னை உலுக்கி எழுப்பி, “அக்கா, நீங்கள் மூச்சு விடாமல் கிடந்தீர்கள்” என்று அழுதாள். நித்திரை ஆய்வில், மணித்தியாலத்துக்கு 34 தடவைகள் என் மூச்சுப் பாதை அடைபடுவது தெரிந்தது. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து பாதை ஒடுங்க, பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்று, ஒட்சிசன் குறைய, மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது; நமக்கு அது நினைவில் தங்குவதில்லை. எட்டு மணித்தியாலம் படுத்தும் நித்திரை கொள்ளாதவராக எழும்புவது இதனால்தான். மணித்தியாலத்துக்கு 30 தடவை எட்டினாலே கடுமையான நிலை. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின்னரே இந்த நித்திரை மூச்சுத்தடை கூடுதலாக வருகிறது. எனினும் 41 வயதில் வராது என்றில்லை. பெண்கள் குறட்டையைச் சொல்லாமல் களைப்பை மட்டும் சொல்வதால் தவறவிடப்படுவதும் அதிகம். 1981இல் அவுஸ்திரேலியரான கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் கருவியைத்தான் நான் பயன்படுத்துகிறேன். முதல் இரண்டு கிழமை கடினமாக இருந்தது. ஒரு மாதத்தின் பின் ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து ஒரு நாவலை வாசித்தேன். எத்தனை வருடங்களை இழந்திருந்தேன் என்பது அன்றுதான் விளங்கியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பு வெக்கையிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் அளவுக்குக் குளிர்வது, மலச்சிக்கல், முடி கொட்டுவது, எடை கூடுவது இருந்தால் தைரொயிட்டுக்கான ரீ.எஸ்.எச். என்ற குருதிப் பரிசோதனை பார்க்கவேண்டும். மரக்கறி மட்டும் உண்பவர்களும், நீரிழிவுக்கு நெடுநாள் மெற்போமின் எடுப்பவர்களும் விற்றமின் பி12 பார்ப்பது நல்லது. டெங்குவுக்குப் பின் சில கிழமைகள் அசதி நீடிக்கலாம். முன்பு பிடித்தவை எதிலும் மனம் ஒட்டாமல், விடியமுன் விழித்துக்கொண்டு, வாழ்வே சுமையாகத் தோன்றினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். காரணமின்றி மெலிவது, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது.

தனியார் வைத்தியரிடம் சனல் பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, போனால் கிடைப்பது பத்து நிமிடம். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் படுத்த நேரம், எழும்பிய நேரம், தேநீர், குளிசைகள், மாதவிலக்கு நாள்கள், கண் செருகிய நேரம் ஆகியவற்றை எழுதி, எட்டுக் கேள்விகளின் புள்ளியையும் சேர்த்து, அந்தப் பக்கத்தை வைத்தியரின் மேசையில் வையுங்கள். பேசக் கூசுவதை எழுத்து சொல்லிவிடும். காசு தடையாக இருந்தால் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலேயே தொடங்கலாம். 35 வயதைக் கடந்த பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்கில் மாதவிலக்குப் பிரச்சினையைப் பெண் உத்தியோகத்தரிடமே சொல்ல முடியும்.

இன்றிரவு ஒரு வேலையைக் கணவரிடம் ஒப்படையுங்கள். நீங்கள் அயர்ந்த பின் கைத்தொலைபேசியில் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். குறட்டை நின்று, அமைதி நீண்டு, பிறகு திணறலோடு மூச்சு திரும்புகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவையும் கொப்பியோடு கொண்டுபோங்கள். பெரிற்றின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.