கத்தரிப் பாத்தியில் துளை போடும் பச்சைத் தேனீ: மருந்து ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம். அணைக்கட்டுப் பக்கம் முள்ளுக் கத்தரிப் பாத்தி ஓரம் சின்னச் சின்னத் துளைகள், கையில் உட்கார்ந்து வியர்வை நக்கும் பளபளப்பான பச்சைப் பூச்சி என்கிறீர்கள். பெரும்பாலும் அது வியர்வைத் தேனீ. உப்புக்காகத்தான் கையில் உட்காருகிறது. விரலால் அழுத்தினால் பெண் தேனீ லேசாகக் கொட்டும். ஆணுக்குக் கொடுக்கே இல்லை.

மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, வைக்கோல்) இல்லாமல் வெயில் படும் வெற்று மண்தான் அதை இழுத்திருக்கும். உள்ளே அறை குடைந்து, மகரந்த உருண்டை வைத்து, அதன்மேல் முட்டையிடும். வேரைத் தொடாது.

உங்களுக்கு இது லாபம். கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனித்துளை வழியாகத்தான் மகரந்தம் கொட்டும். வியர்வைத் தேனீக்களில் பல வகை பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது.

உறுதிசெய்ய, சாயங்காலம் துளைமேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறியதும் உள்ளே நிற்கும் பூச்சியைப் பாருங்கள், பார்த்ததும் டம்ளரை எடுத்துவிடுங்கள். அது வெளியே போய்த் துளைக்குத் திரும்பி வரும்போது பின்னங்காலில் மஞ்சள் தூள் இருந்தால் தேனீதான். தூளே இல்லாமல், தொட்டால் உருண்டையாகச் சுருண்டால் அது குயில் குளவி, அதாவது மற்றத் தேனீ, குளவிகளின் கூட்டில் முட்டையிடும் பளபளப்பான குளவி. அதுவும் பயிரைத் தின்னாது.

ஒரு எச்சரிக்கை: காய்ப்புழுவுக்கு வேப்பெண்ணெய் அடிப்பதென்றால், தேனீ வளைக்குத் திரும்பிய பிறகு மாலையில் அடியுங்கள். அந்த ஓரத்தை மட்டும் கொத்தாமல் விடுங்கள்.