பூட்டிய வீட்டுக் காரை வாங்கி விற்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் சிறிய பட்டறை நடத்துகிறேன். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஓடாமல் நிற்கும் கார்களை மலிவாக வாங்கி, பழுதுபார்த்து விற்றால் லாபம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால், பானட்டைத் திறப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நம் வட்டாரத்து வீடுகளில் கார் காலமான ஐயா பெயரிலேயே இருக்க, பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பது வழக்கம் என்பதால், சாவியைத் தருபவருக்கே விற்கும் உரிமையும் உண்டு என்று கொண்டுவிடக் கூடாது. படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றிய பின்பே, படிவம் 29, 30 வழியாக விற்பனையைப் பதிவு செய்ய இயலும். பதிவாகி 15 ஆண்டுகள் கடந்திருந்தால், தகுதிச் சோதனையுடன் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

நின்றே கிடந்த காரில் கிலோமீட்டர் குறைவாக இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். டயர், பிரேக் ரப்பர்கள், பேட்டரி, பெட்ரோல் டேங்க் ஆகியவை ஓடாததாலேயே கெடுபவை. அடித்தளத்தில் துரு தின்றிருந்தால் விட்டுவிடுங்கள். முழுப் பெயிண்ட் வேலைக்குச் செலவிடும் பணம் விலையில் திரும்புவது அரிது என்பது என் கருத்து.

இதைத் தொழிலாகவே செய்வதானால், 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 29ஏ அளித்து, பழைய வாகன விற்பனையாளருக்கான அங்கீகாரச் சான்று பெற வேண்டும்.