குளம் உறையும் முன்

மேலூரிலிருந்து டொராண்டோ வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கப்போகும் தம்பி கேட்டிருக்கீங்க: வாடகை வீட்டுப் பின்பக்கம் எட்டுக்கு ஆறடியில், மூணடி ஆழத்தில் ஒரு குளம், அதில் மூணு கோய் (வண்ணக் கெண்டை மீன்), ஆறு கோல்ட்ஃபிஷ். தண்ணி உறைஞ்சா செத்துடுமா, எல்லாத்தையும் பிடிச்சு உள்ளே வைக்கணுமா?

வேண்டாம் தம்பி. தண்ணி நாலு டிகிரியில்தான் அதிகக் கனம், அது அடியில் தங்கிடும். அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்னு உறையும். நம்ம கண்மாய் வத்தும்போது விரால் சேத்துக்குள்ள பதுங்குமே, அது மாதிரி இதுகளும் அடியில் அசையாம கிடந்து குளிரைக் கடத்திடும். மூணடி ஆழம் போதும், ஆனா அதுக்குக் குறையக் கூடாது. கோடையில் இறங்கின மட்டத்தை இப்பவே நிரப்பிடுங்க. குழாய்த் தண்ணியில் கிருமியைக் கொல்ற குளோரமின் (குளோரின் சேர்ந்த கலவை) இருக்கும், அதை முறிக்கிற மருந்தைக் கலந்து விடுங்க. உங்க குளம் சுமார் 4,000 லிட்டர் பிடிக்கும், ஒரே நாளில் 800 லிட்டருக்கு மேல மாத்தாதீங்க.

மீனைக் கொல்றது பெரும்பாலும் மேப்பிள் இலைதான். உள்ளே விழுந்து அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும், நச்சு வாயுவை விடும். மேலே ஐஸ் மூடிட்டா அது வெளியேற வழியில்லை. இலை பழுக்கிறதுக்கு முன்னாடியே குளத்துக்கு மேல வலையை விறைப்பா இழுத்துக் கட்டுங்க, தொய்ஞ்சா இலையோட தண்ணிக்குள்ள இறங்கிடும். அடிவண்டலை நீளக் கைப்பிடி வலையால மெதுவா அள்ளுங்க. ஆகாயத்தாமரை கிடந்தா முழுக்க எடுத்துடுங்க. வைகையில் அழிக்கவே முடியாத அந்தச் செடி, இங்கே பனி பட்டதும் கூழா அழுகிடும். அல்லியா இருந்தா இலையை நறுக்கிட்டுத் தொட்டியை அடியில் இறக்குங்க.

தீனி விஷயத்தில் மனசு இளகாதீங்க. தண்ணிக்குள்ள ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும். 15 டிகிரிக்குக் கீழே போனா கோதுமை முளைக்கரு (wheat germ) கலந்த தீனி, அதுவும் கொஞ்சமா. 10 டிகிரிக்குக் கீழே சுத்தமா நிறுத்திடணும். அந்தக் குளிரில் குடல் வேலை செய்யாது, ஃபில்டரில் கழிவைச் சுத்தம் பண்ற பாக்டீரியாவும் மந்தமாகிடும். நடுவில் ஒரு நாள் வெயில் அடிச்சு மீன் மேலே வந்தாலும் போடாதீங்க.

அருவி பம்பை உறைபனிக்கு முன்னாடி கழட்டி, உறையாத இடத்தில் ஒரு வாளித் தண்ணிக்குள்ள மூழ்க வைங்க, இல்லைன்னா உள்ளே இருக்கிற ரப்பர் சீல் காய்ஞ்சு விரிசல் விடும். குழாயில் தண்ணி நின்னா உறைஞ்சு பருத்துப் பிளக்கும், முழுக்க வடிச்சிடுங்க. பச்சைத் தண்ணியைத் தெளிய வைக்கிற யூவி விளக்கு இருந்தா அதையும் உள்ளே எடுத்துடுங்க.

அப்புறம் ஐஸில் ஒரு தட்டளவு ஓட்டை எப்பவும் திறந்திருக்கணும். இதுக்கு மிதக்கிற டீ-ஐசர் (சுத்தி ஐஸ் பிடிக்காம சூடாக்குற மின்கருவி) வாங்குங்க, ஏர் பம்பும் சேர்ந்தா நல்லது. ஏர் பம்புக் குழாய் முனையில் குமிழி விடுற கல்லை, அதான் ஏர் ஸ்டோனை, அடியில் போடாதீங்க; நாலு டிகிரித் தண்ணியை மேலே கிளப்பி குளம் முழுக்கக் குளிர வச்சிடும். மேல்மட்டத்திலிருந்து ஒரு அடிக்குள்ள தொங்கட்டும். கரன்ட் போய் மூடிக்கிட்டா சுத்தியல், கடப்பாரை எதையும் தொடாதீங்க, அந்த அதிர்ச்சி நேரா மீனைத் தாக்கும். வெந்நீர் நிறைஞ்ச பாத்திரத்தை ஐஸ் மேல வைங்க, தானா உருகி இறங்கும். கைப்பிடியில் கயிறு கட்டிக்கோங்க. மேலே சேர்ற பனியையும் கரையில் நின்னே கொஞ்சம் ஒதுக்கி விட்டா வெளிச்சம் உள்ளே போகும். கரையில் சாலை உப்பு தூவ வேண்டாம்.

ஒண்ணு மட்டும் விதிவிலக்கு: உருண்டை வயிறு, இரட்டை வால் கோல்ட்ஃபிஷ் இருந்தா அதுகளை மட்டும் தண்ணி 10 டிகிரிக்கு இறங்குறதுக்குள்ள பிடிச்சு, பேஸ்மென்ட் தொட்டியில் விடுங்க. குளத்துத் தண்ணியோட பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டுத் திறங்க. ஏப்ரலில் தண்ணி ஒரு வாரம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல நின்ன பிறகு, அதே கோதுமைத் தீனியில் ஒரு சிட்டிகையில் ஆரம்பிங்க.