கிருமியைக் கொல்லாத ஆன்டிபயாடிக்கை ஆறு மாதம் எடுப்பது ஏன்?

கேள்வி: எனக்கு பிராங்கியெக்டாசிஸ் எனும் மூச்சுக்குழாய் விரிவு நோய். சளிப் பரிசோதனையில் சூடோமோனாஸ் கிருமி வந்தது. அசித்ரோமைசின் 500 மி.கி., வாரம் மூன்று நாள், ஆறு மாதம் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். அது சூடோமோனாஸைக் கொல்லாது என்று படித்தேன். அப்புறம் எதற்கு அந்த மருந்து?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். உங்கள் மருத்துவரும் அது கிருமியைக் கொல்லும் என்று நம்பிக் கொடுத்திருக்க மாட்டார். இங்கே மருந்துக்கு வேலை உங்கள் மூச்சுக்குழாயின் உட்புறச் செல்களிடம்.

கிருமி பட்டதும் அந்தச் செல்கள் இன்டர்லூக்கின்-8 என்ற புரதத்தைச் சுரந்து நியூட்ரோஃபில் வெள்ளையணுக்களை வரவழைக்கும். வந்தவை கக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி குழாயின் சுவரையும் சேர்த்தே அரிக்கும். சுவர் கெட்டால் சளி தேங்கும், தேங்கிய சளியில் கிருமி பெருகும், செல்கள் மறுபடி ஆள் கூப்பிடும். பாதிச் சேதம் நம் உடம்பே செய்துகொள்வது. அசித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடு வகை ஆன்டிபயாடிக்குகள் செல்லுக்குள் நிறையச் சேர்ந்து, அழற்சி மரபணுக்களை முடுக்கும் என்எஃப்-கப்பா பி என்ற புரதத்தை அடக்குகின்றன. ஆய்வகத்தில் வளர்த்த மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் இன்டர்லூக்கின்-8 சுரப்பும் சளிப் புரத உற்பத்தியும் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். போதாததற்கு, சூடோமோனாஸ் கிருமிகள் தங்களுக்குள் பரிமாறும் ரசாயன சமிக்ஞைகளையும் இவை குலைக்கின்றன.

இதை முதலில் காட்டியவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். டிஃப்யூஸ் பான்பிராங்கியோலைடிஸ் என்ற, நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்களில் வரும் நாள்பட்ட அழற்சி நோய்க்கு 1980களில் குறைந்த அளவு எரித்ரோமைசினை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். சளியில் சூடோமோனாஸ் இருந்தவர்களும் தேறினார்கள். உங்கள் நோய்க்கே நியூசிலாந்தில் 141 பேரிடம் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. உங்களுக்குச் சொன்ன அதே அளவுதான். ஆறு மாதத்தில் நோய் திடீரென்று தீவிரமான தடவைகள், போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்குச் சராசரியாக 1.57, அசித்ரோமைசின் எடுத்தவர்களில் 0.59. ஆகவே பலனை இன்றைய இருமலை வைத்து அளக்காதீர்கள். நோய் எத்தனை தடவை தீவிரமானது என்று குறித்து வையுங்கள்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இப்படிச் செய்யாது. அமாக்ஸிசிலினிடம் இதை எதிர்பார்க்க முடியாது. சாதாரண ஜலதோஷத்துக்கு அசித்ரோமைசின் போட இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

தொடங்குமுன் இசிஜி (க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்தூண்டல் தொடங்கி அடங்க ஆகும் நேரம், நீண்டிருக்கிறதா என்று பார்க்க; நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம்), கல்லீரல் பரிசோதனை, முடிந்தால் காது கேட்கும் திறன் சோதனை. இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, காசநோய் வகையைச் சேராத மைக்கோபாக்டீரியா (காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள்) சளியில் இல்லை என்று உறுதிசெய்வது. அது இருக்கும்போது அசித்ரோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்தால் அந்தக் கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும், பிறகு சிகிச்சை கடினம். நடுவில் காதில் இரைச்சல், படபடப்பு, மயக்கம் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சளி பச்சையாகிக் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ இந்த மாத்திரை போதாது, சூடோமோனாஸைக் கொல்லும் மருந்து தனியாக வேண்டும். அதற்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் எழுதினால், அதுவும் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியது என்பதால், அதை எடுத்து முடிக்கும்வரை அசித்ரோமைசினை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.