முதல் இன்டர்னலில் 31 வாங்கிய பெண்ணின் அப்பாவுக்கு

ஐயா, ப்ளஸ் டூ கணக்கில் 94 எடுத்த பெண் இன்ஜினியரிங்கில் கணக்குக்குக் கல்லூரியிலேயே வைக்கிற முதல் இன்டர்னல் தேர்வில் நூற்றுக்கு 31 வாங்கிவிட்டாள், பேசாமல் டிசியை வாங்கி பிஎஸ்சியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முதல் இன்டர்னல் முடிந்த கையோடு எனக்கு வரும் போன்களில் பாதி இதே கதைதான்.

அவளிடம் கணக்கு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். போர்டில் போட்ட கணக்கெல்லாம் தேதி போட்டு, அடிக்கோடிட்டு, முத்து முத்தாக இருக்கிறது. அவளாகப் போட்டுப் பார்த்தது ஒன்றுகூட இல்லை. போனிலேயே அணிகள் பாடத்தில் வரும் ஒரு ஐகன் வேல்யூ கணக்கைக் கொடுத்தேன். சமன்பாடு அமைக்கிற வரைக்கும் மளமளவென்று வந்துவிட்டு, அந்த முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கிற இடத்தில் நின்றுவிட்டாள். அதை ப்ளஸ் டூவிலேயே படித்தவள்தான், கை விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான்.

பள்ளியில் காலையில் ஸ்லிப் டெஸ்ட், அப்புறம் காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் என்று ஒரே பாடத்தை யாராவது ஆறேழு தடவை படிக்க வைத்துக்கொண்டே இருந்தார்கள். எதை என்றைக்குப் படிப்பது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இங்கே ஒரு யூனிட் சுமார் மூன்று வாரத்தில் முடிந்துவிடும், யாரும் திரும்பிக் கேட்கமாட்டார்கள். அதனால்தான் முதல் மாதம் முழுக்க 'ஃப்ரீயா இருக்குப்பா' என்று சொன்ன பிள்ளை இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி அழுகிறது.

மாலையில் நான்கு மணி நேரம் உட்கார் என்றால் நடக்காது, லேப் ரெக்கார்டு எழுதவே பாதி சாயங்காலம் போய்விடும். கணக்குக்கு 4 கிரெடிட், அதாவது வாரம் நான்கு பீரியட். எந்த நாளில் கணக்கு வகுப்போ அன்றைக்கே, நோட்டை மூடிவைத்துவிட்டு, போர்டில் போட்ட கணக்கில் இரண்டைத் திரும்பப் போடட்டும். சிக்கிய வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மறுநாள் டுட்டோரியலிலோ பக்கத்துப் பெண்ணிடமோ கேட்கட்டும். ரெக்கார்டை லேப் முடிந்த மறுநாளே எழுதிவிட வேண்டும், சேர்த்துவைத்தால் சரியாகத் தேர்வு வாரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. அணிக்கோவை என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வாள், அதையே வகுப்பில் ஆங்கிலத்தில் 'டிட்டர்மினன்ட்' என்று வேகமாகச் சொல்லிப் போனால் அதைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி போய்விடுகிறது. ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் அதே பாடம், அதே வரிசை. அணிகள், பகுதி வகைக்கெழு, தொகையிடல் இந்த மூன்றையும் பார்த்தாலே முதல் செமஸ்டர் கணக்கில் பாதிச் சொற்கள் பழகிவிடும்.

மார்க் விஷயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. பாஸாக மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். பள்ளியில் 35 எடுத்தால் பாஸ் என்ற கணக்கு இங்கே ஓடாது. (தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ, அவள் அதற்குப் பிந்தைய ஒழுங்குமுறையில் சேர்ந்திருந்தாலோ விதி மாறலாம், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) நூற்றுக்கு வாங்கிய இந்த 31, அந்த இன்டர்னல் 40-இல் ஒரு பகுதியை மட்டும்தான் தீர்மானிக்கும், அடுத்த டெஸ்டிலும் அசைன்மென்டிலும் ஈடுகட்டிவிடலாம். ஆனால் ஒரு யூனிட்டை அப்படியே விட்டுவிட்டுப் போவது ஆபத்து, செமஸ்டர் தேர்வில் ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் ஒரு பெரிய கேள்வி வந்தே தீரும்.

டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். அங்கேயும் வேறொருவர் போடுகிற கணக்கைப் பார்த்து எழுதிக்கொண்டுதான் வருவாள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தினமும் ராத்திரி போன் போட்டு 'படிச்சியா, எத்தனை மார்க்' என்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். சாப்பாடு எப்படி, ரூமில் யார் யார், அது போதும். இரண்டாவது இன்டர்னலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தச் சிவப்பு வட்டம் போட்ட பக்கங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.