தீவிரவாதத்தைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்தையும் பேச வேண்டும்

நெருக்கடி நேரத்தில் மாணவர்களிடம் அரசாங்கத்தையும் தீவிரவாதத்தையும் பற்றிப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஆசிரியராகத்தான் இருப்பீர்கள். பாடத்தோடு நின்றுகொள்ளுமாறு யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்றின் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். மே மாதம் பாடசாலை திறந்தபோது பத்தாம் தர வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. நான் குடியியற் கல்விப் புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு மாணவன் எழுந்து, முஸ்லிம்களைக் குறித்து, "இனி அவங்கட கடையில ஒண்டும் வாங்கக் கூடாது டீச்சர்" என்றான். எங்கள் மாவட்டத்துப் பாடசாலைகள் பெரும்பாலும் இனவாரியாகப் பிரிந்து கிடப்பது என் நெடுநாள் மனக்குறை; பக்கத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளை அமர்ந்திருந்தால் அவனுக்கு அந்தச் சொல் அவ்வளவு எளிதாக வந்திராது.

கரும்பலகையில் சீயோன் தாக்குதலின் திகதியை எழுதி, அதற்குக் கீழே 1990 ஆகஸ்ட் 3 என்று எழுதினேன். அன்றிரவு பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதற்காக விடுதலைப் புலிகள்மீது குற்றஞ்சாட்டப்பட்டதையும், அவர்கள் அதை மறுத்ததையும் சொன்னேன். சில கிலோமீற்றர் தொலைவில் நடந்த அதை ஒரு பிள்ளையும் அறிந்திருக்கவில்லை. 2019 தாக்குதலின் சூத்திரதாரியைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்னரே பொலிசில் முறையிட்டிருந்ததையும் சொன்னேன். சீயோனில் பிள்ளைகளை இழந்தவர்களின் துயரத்தை நான் சிறுமைப்படுத்தினேன் என்று சிலர் எழுதக்கூடும். அந்த வகுப்பில் இருந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மறுநாள் ஒரு தந்தை வந்து, பழையதை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டார். பழையது தெரியாததால்தான் உங்கள் மகன் ஓர் ஊரையே குற்றவாளியாக்குகிறான் என்றேன்.

அரசாங்கத்தைப் பற்றிய பாடத்தை, தாக்குதலுக்குப் பின் நடைமுறையிலிருந்த அவசரகால நிலையிலிருந்தே நடத்தினேன். சனாதிபதி அதைப் பிரகடனப்படுத்தலாம், ஆனால் பதினான்கு நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் அது தானாக நீளாது என்பதையெல்லாம், வீதிச் சோதனையில் பையைத் திறந்து காட்டிவிட்டு வந்த பிள்ளைகள் பரீட்சைக்காக அல்லாமல் தங்களுக்காகவே கேட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது என்றதும், தன் மாமா அதில்தான் உள்ளே இருந்தார் என்றாள் ஒருத்தி.

மே 22ஆம் திகதி அவசரகால நிலை நீடிக்கப்பட்ட செய்தி வந்தபோது, மாமாவைப் பற்றிச் சொன்ன அந்த நாள்வரை வகுப்பில் வாயே திறக்காத அவள்தான், இதற்குப் பாராளுமன்றம் எப்போது கூடும் என்று முதலில் கேட்டாள்.