நான்கு பூனை, இரண்டு பெட்டி, நனைந்த மெத்தை

செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பூனைகளைப் பற்றியவை. அவற்றிலும் பாதிக்கு மேல் ஒரே கவலை: மலம், சிறுநீர் கழிக்க வைத்த மணல் பெட்டிக்கு (லிட்டர் பாக்ஸ்) வெளியே போகிறது. ஆகவே இந்த இதழை அதற்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு பூனைகள். இரண்டு படுக்கையறை ஃப்ளாட். மூத்தவள் சிட்டுவுக்கு ஒன்பது வயது. நாலு மாதம் முன்பு தெருவிலிருந்து பாண்டி என்ற குட்டியை எடுத்து வந்தோம். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டான், கருத்தடை ஆபரேஷனும் ஆகிவிட்டது. கொஞ்ச நாளாகச் சிட்டு எங்கள் கட்டிலிலும், மாமியார் மடிக்க எடுத்துவைக்கும் துணிக் குவியலிலும் சிறுநீர் கழிக்கிறாள். லிட்டர் பாக்ஸ் இரண்டும் சர்வீஸ் பால்கனியில், வாஷிங் மெஷின் பக்கத்தில் இருக்கின்றன. தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவுகிறேன். அதில் நிரப்பும் லிட்டர் மணலும் லாவெண்டர் வாசனை உள்ளதாகத்தான் வாங்குகிறேன். புதுப் பூனையைக் கொண்டு வந்ததற்குப் பழிவாங்குகிறாள் என்கிறார் கணவர். சிட்டுவை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
வாசகி, அம்பத்தூர்

அம்மா, சிட்டுவை எங்கேயும் அனுப்பாதீர்கள். பழிவாங்குவதற்காகச் சிறுநீர் கழிக்கும் பூனையை என் அனுபவத்தில் நான் பார்த்ததே இல்லை. வலியில் இருக்கும் பூனையையும், பயத்தில் இருக்கும் பூனையையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது வயது என்பது சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, மூட்டுத் தேய்மானம் எல்லாம் தலைகாட்டக்கூடிய வயது. முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறாளா? பெட்டியில் சிறுநீர் பட்டு இறுகும் மணல் கட்டிகள் பெரிதாகி வருகின்றனவா? ஜன்னல் விளிம்புக்கு ஒரே தாவில் ஏறியவள் இப்போது நாற்காலியில் கால்வைத்து ஏறுகிறாளா? மூட்டு வலிக்கும் பூனை நொண்டிக் காட்டாது, உயரமான காரியங்களை மெல்லக் கைவிட்டுவிடும். உயரமான விளிம்புள்ள பெட்டிக்குள் ஏறி இறங்குவதும் அந்தக் காரியங்களில் ஒன்று. சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் இந்த வாரமே செய்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் வசதி இல்லையென்றால் வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

எல்லாம் நார்மல் என்று வந்தால், அப்புறம் பாண்டியைக் கவனியுங்கள். ஒரு மாலை முழுக்க டிவியை அணைத்துவிட்டு, பால்கனி நிலைப்படி தெரிகிற மாதிரி உட்காருங்கள். பாண்டி அங்கேதான் படுத்திருப்பான் என்று நினைக்கிறேன். சீற மாட்டான், அறைய மாட்டான். கால் நீட்டிப் படுத்துக்கொண்டு சிட்டுவைக் கண் எடுக்காமல் பார்ப்பான், அவ்வளவுதான். பார்க்கிற நமக்கு அது சமர்த்தாகத் தூங்கும் பூனை. சிட்டுவுக்கு அது மூடிய கதவு. பூனைகளுக்குள் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இப்படிச் சத்தமே இல்லாமல்தான் நடக்கும். அதனால்தான் “எங்கள் வீட்டில் எல்லாம் ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன” என்று பலர் என்னிடம் நம்பிச் சொல்கிறார்கள்.

ஒரு பூனை ஒரு நாளில் இரண்டிலிருந்து நான்கு முறை சிறுநீர் கழிக்கும். அத்தனை முறையும் அந்த நிலைப்படியைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பி வரவும் அதே வழிதான் என்றால், அவள் வேறு இடம் தேடத்தான் செய்வாள். கட்டிலைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. மேலே உட்கார்ந்தால் யார் வந்தாலும் தெரியும், எந்தப் பக்கமும் குதித்து ஓடலாம், மெத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும், உங்கள் வாசனையும் இருக்கிறது. துணிக் குவியலும் அப்படித்தான். அவள் அறிவுக்கு எட்டிய மட்டும் நல்ல இடத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். அதே வசதியை ஒரு பெட்டியில் கொடுப்பது நம் வேலை.

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் வரும் எண்ணிக்கையில் பெட்டிகள் வேண்டும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உங்கள் வீட்டுக்கு ஐந்து. இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் ஐந்து பெட்டி வைக்கச் சொன்னால் உங்கள் மாமியார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆகவே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்: எண்ணிக்கையைவிட இடம் பெரிது. பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு பெட்டி, பூனையின் கணக்கில் ஒரே பெட்டி. காவலுக்கு ஒருவன் உட்கார்ந்தால் இரண்டும் போச்சு. மூன்று பெட்டிகளையாவது மூன்று வேறு இடங்களில் வையுங்கள். உங்கள் படுக்கையறை மூலையில் ஒன்று, ஹாலில் சோபாவுக்குப் பின்னால் ஒன்று, பால்கனியில் ஒன்று. ஒரு இடத்தில் நின்று பார்த்தால் இன்னொரு பெட்டி கண்ணில் படக்கூடாது. எந்தப் பெட்டியும் முட்டுச்சந்தில் இருக்கக்கூடாது, இரண்டு பக்கமாவது தப்பிக்க வழி இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டை ஒட்டி வைக்காதீர்கள். வாஷிங் மெஷின் பக்கத்தில் இருப்பதையும் நகர்த்துங்கள். காரியத்தில் இருக்கும்போது அது ஒருமுறை தடதடவென்று சுழன்றால் போதும், பல பூனைகள் அந்தப் பக்கமே போகாது.

மற்ற இரண்டு பூனைகளைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. யார் யாரை நக்கிக் கொடுக்கிறார்கள், யார் யாரோடு ஒட்டிப் படுக்கிறார்கள் என்று பாருங்கள். அப்படிச் சேர்ந்திருப்பவர்கள் ஒரு கூட்டம். சிட்டு தனியாள் என்றால், அவள் அதிகம் இருக்கும் அறையிலேயே பெட்டி, தண்ணீர், சாப்பாடு, ஏறி உட்கார ஓர் உயரமான இடம் எல்லாம் கிடைக்கும்படி செய்யுங்கள். பாண்டியைத் திட்ட வேண்டாம். அவன் இளவட்டம், அவனுக்கு வேலை கொடுங்கள். காலையும் மாலையும் நூல் கட்டிய குச்சியோடு பத்து நிமிடம் ஓடவிட்டால் நிலைப்படிக் காவல் தானாகக் குறையும்.

பெட்டியின் அளவையும் சொல்லிவிடுகிறேன். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். கடையில் பூனைப் பெட்டி என்று விற்பவை பெரும்பாலும் இதைவிடச் சின்னவை. பாத்திரக் கடையில் கம்பளி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். அதை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்துவிட்டால் சிட்டு சுலபமாக ஏறி இறங்குவாள். மூடி வேண்டாம். பல பூனைகளுக்கு மூடி ஒரு பொருட்டில்லைதான். ஆனால் மிரட்டும் ஒருவன் இருக்கும் வீட்டில், மூடிய பெட்டிக்குள் இருப்பவளுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

லாவெண்டரை நிறுத்துங்கள். அந்த வாசனை நமக்காகச் சேர்ப்பது. நம்மைவிடப் பல மடங்கு மோப்பம் உள்ள பிராணி, அதிலேயே நின்று தோண்ட வேண்டியிருக்கிறது. வாசனை இல்லாத, பொடியான, ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் (ஒருவகைக் களிமண்) மணலைப் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. இரண்டு மூன்று அங்குல ஆழம் போதும். காலை, இரவு என இரண்டு வேளையும் கட்டிகளை அள்ளுங்கள். பெட்டிகள் குறைவாக இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

ஃபினாயில் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இன்றைக்கே நிறுத்துங்கள். பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. கழுவிய பெட்டியிலும் துடைத்த தரையிலும் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்போது அது உள்ளே போகிறது. தண்ணீர் சேர்த்தால் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிகள் எதுவும் பூனை வீட்டுக்கு ஆகாது. பெட்டிக்கு வெந்நீரும் வாசனையில்லாத பாத்திர சோப்பும் போதும். பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் மேல் ஊற்றாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சைப் பாதிக்கும் வாயு வரும்.

மெத்தையை சோப்புப் போட்டுத் தேய்த்திருப்பீர்கள், இரண்டு நாள் நன்றாக இருந்து, மழை வந்ததும் மறுபடி நாறியிருக்கும். யூரிக் அமிலப் படிவம் தண்ணீரில் எளிதில் கரையாது. காற்றில் ஈரம் ஏறும்போது மீண்டும் வாடை கிளம்பும். செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையத்திலும் என்ஸைம் கிளீனர் என்று கிடைக்கிறது. முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் நனையும்படி அதை ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் விட்டு, மெதுவாகக் காயவிடுங்கள். பெட்டிகள் பழகும்வரை கட்டிலில் தண்ணீர் இறங்காத விரிப்பு இருக்கட்டும். துணிகளைக் கூடையில் போட்டு மூடிவையுங்கள்.

சிட்டுவை அடிக்கவோ, அவள் மூக்கை ஈரத்தில் தேய்க்கவோ யாரையும் விடாதீர்கள். பயத்தில் இருப்பவளை மேலும் பயமுறுத்தினால் பிரச்சினை மெத்தையிலிருந்து சோபாவுக்கு மாறும், தீராது.

எங்கள் ஆண் பூனை பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்துகிறான். ஆனாலும் பிரிட்ஜ், கதவு, திரைச்சீலை எல்லாவற்றிலும் பீய்ச்சுகிறான். இது எதனால்?
வாசகர், மதுரை

தம்பி, நின்றபடி வாலைத் தூக்கி, நுனி நடுங்க, சுவரில் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. பெட்டிக் கோளாறு அல்ல. கருத்தடை செய்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். செய்த ஆண் பூனைகளில் பத்தில் ஒன்றுதான் பீய்ச்சுவதைத் தொடரும். ஆபரேஷன் ஆன மறுநாளே நிற்காது, ஹார்மோன் வடியச் சில வாரங்கள் ஆகும். ஏற்கெனவே செய்திருந்தால், ஜன்னலுக்கு வெளியே தெருப் பூனை வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே பல வீடுகளில் குறைகிறது.

கடை லிட்டர் கட்டுப்படியாகவில்லை. மணல், சாம்பல், தேங்காய் நார்க்கழிவு இவற்றில் எது நல்லது?
வாசகி, பொள்ளாச்சி

சாம்பல் வேண்டாம். ஈரத்தில் காரமாகிப் பாதத்தை எரிக்கும், வீடெங்கும் தடமும் பதியும். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சாம்பல் தடங்களால் அலுத்துப்போன ஒரு பெண்மணி பக்கத்து வீட்டு எட் லோவிடம் மணல் கேட்கப் போக, அவர் எண்ணெய் உறிஞ்சுவதற்காக விற்றுவந்த உலர்ந்த களிமண்ணைக் கொடுத்தார். இன்றைய லிட்டர் வியாபாரம் அங்கே தொடங்கியது.

மணல் பரவாயில்லை, தெருவிலிருந்து வந்த பூனைகளுக்குப் பழக்கமானதும்கூட. ஆனால் கட்டியாகாது, சிறுநீர் அடியில் தேங்கும். அடிக்கடி மொத்தமாகக் கொட்டிக் கழுவ வேண்டும். உங்கள் ஊரில் நார்க்கழிவு மலிவு, நன்றாக உறிஞ்சும். ஆனால் லேசானது, மயிரில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க வரும். ஒரு பெட்டியில் மணலும் இன்னொன்றில் நார்க்கழிவும் வைத்துப் பாருங்கள். எது அதிகம் நனைகிறதோ அதுவே உங்கள் பூனையின் பதில். பழையதை ஒரே நாளில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வரப்போகிறாள். மூன்று பூனைகளையும் எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். மனசு கேட்கவில்லை.
வாசகி, திருநெல்வேலி

விட வேண்டாம் அம்மா. எல்லோரும் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கக்கூடியது, அலட்சியம் கூடாது. ஆனால் அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பூனையைத் துரத்தத் தோன்றாது. பூனையின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் அப்போதே தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். ஆகவே நாள் தவறாமல் அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். பெட்டி வேலையை நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ செய்யுங்கள், மகள் தொட வேண்டாம். பூனைகளுக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே வேட்டைக்கு விடாதீர்கள். சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண் இவற்றின் வழியாகவும் இதே கிருமி வரும். அதை யாரும் சொல்வதில்லை. மகளின் மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள், தேவையென்றால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

ஆண் பூனை பெட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறான், கத்துகிறான், ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?
வாசகர், ஈரோடு

உங்கள் மின்னஞ்சலைப் பார்த்த உடனேயே, மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று ஆசிரியர் குழு மூலம் தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளி போன்ற அடைப்போ அதில் சிக்கினால் சிறுநீர் உள்ளேயே தேங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுபோகலாம். ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். எண்ணெய் வேண்டாம், வயிற்றை அமுக்க வேண்டாம், காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகித்தான் அடைப்பை எடுக்க முடியும். பல பூனைகள் உள்ள வீட்டில் இது சீக்கிரம் கண்ணில் படாது, பெட்டியில் யாருடைய கட்டி இல்லை என்று தெரியாதே. அள்ளும்போது தினமும் எத்தனை கட்டி வருகிறது என்று ஒரு பார்வை பார்த்து வையுங்கள். குறைந்தால் அன்றைக்கே ஒவ்வொரு பூனையாகக் கவனியுங்கள்.

அள்ளிய லிட்டரைக் கழிவறையில் கொட்டலாமா?
வாசகர், தாம்பரம்

கூடாது. பென்டோனைட் தண்ணீரில் ஊதிப் பெருத்துக் குழாயை அடைத்துவிடும். செய்தித்தாளில் இறுகச் சுற்றிக் குப்பையில் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறிவேப்பிலைச் செடிக்கும் கீரைப் பாத்திக்கும் உரமாகப் போட வேண்டாம்.